கூரையிலிருந்து இறங்கிய அலைவாங்கி

வானொலியைப் பற்றிப் பேச்சு எழுந்தால் நாம் எப்பொழுதும் பெட்டியைப் பற்றியே பேசுகிறோம். எத்தனை வால்வு, எந்தக் கம்பெனி, எத்தனை அலைவரிசை என்று பெருமை பேசிய தலைமுறை ஒன்று இருந்தது. பெட்டியின் பின்புறத்திலிருந்து புறப்பட்டு, சன்னல் வழியே வெளியேறி, கூரைக்கு மேல் இரு மூங்கில்களுக்கிடையே நீண்டு கிடந்த செம்புக் கம்பியை எவரும் பெருமையாகப் பேசியதில்லை. ஆயினும் இலங்கை வானொலி தெள்ளத் தெளிவாகக் கேட்டதா, இரைச்சலுக்கு நடுவே கேட்டதா என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தது அந்தக் கம்பியே. வீட்டில் ஏரியல் என்றும், கடையில் ஆன்டெனா என்றும், பாடநூலில் அலைவாங்கி என்றும் அழைக்கப்படும் இச்சாதனத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

பழைய நினைவுகளை அசைபோடுவதன்று நம் நோக்கம். வீட்டிற்கு வெளியே உயரத்தில் நிறுத்தத்தக்க தரமான வானொலி அலைவாங்கி, அதனைப் பெருவாரியாகச் செய்து விற்ற அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலுங்கூட இன்று தேடி அலைய வேண்டிய பொருளாகிவிட்டது. அமெரிக்காவில் பண்பலை நிலையங்கள் ஆயிரக்கணக்கில் இன்னும் ஒலித்துக்கொண்டுதான் இருக்கின்றன. கேட்பவர்களும் இருக்கிறார்கள். அனுப்புகிறவன் இருக்க, கேட்கிறவனும் இருக்க, இடையில் நின்று வாங்கித் தரும் கருவி மட்டும் மறைவானேன்? இக்கேள்விக்கு விடை காண, அக்கருவி செய்யும் வேலையை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

ஒலிபரப்பு நிலையத்திலிருந்து புறப்படும் மின்காந்த அலை, வழியில் அகப்படும் உலோகக் கம்பியில் மிக நுண்ணிய மின்னோட்டத்தை எழுப்புகிறது. வானொலிப் பெட்டி அதனைப் பெருக்கி ஒலியாக்குகிறது. இங்கே பலரும் மறந்துவிடும் உண்மை ஒன்று உண்டு. பெட்டி பெருக்குவது தனக்கு வந்து சேர்ந்ததை மட்டுமே. வந்து சேர்ந்தது இரைச்சல் கலந்த நலிந்த அலையாயின், இரைச்சலும் அதே அளவிற்குப் பெருகும். கலங்கிய கிணற்று நீரைப் பெரிய வாளியால் இறைத்தாலும் கலங்கிய நீரே வரும். எத்தனை விலையுயர்ந்த பெட்டியாயினும், அலைவாங்கி தவறவிட்டதைத் திரும்பக் கொண்டுவர அதனால் இயலாது.

பண்பலைக்கு, அதாவது எஃப்.எம். ஒலிபரப்புக்கு, இது மேலும் பொருந்தும். சிற்றலை வானத்தின் மின்மண்டலத்தில் பட்டுத் திரும்பிக் கண்டம் விட்டுக் கண்டம் தாண்டும். பண்பலைக்கு அத்திறன் பொதுவாக இல்லை. அது ஏறத்தாழ நேர்கோட்டில் சென்று, பூமி வளைந்து இறங்கும் இடத்தில் நின்றுவிடும். எனவே உயரமே அதற்குப் பலம். சமவெளியில் 100 மீட்டர் கோபுரத்திலிருந்து புறப்படும் பண்பலையின் தொடுவானம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். கொடைக்கானல் மலையின் உயரம் ஏறத்தாழ 2,100 மீட்டர். அங்கிருந்து புறப்படும் அலைக்கோ தொடுவானம் 180 கிலோமீட்டருக்கும் அப்பால். கொடைப் பண்பலை தென் மாவட்டங்கள் பலவற்றிலும் கேட்பதன் இரகசியம் இதுவே. அனுப்புமிடத்தின் உயரம் போலவே வாங்குமிடத்தின் உயரமும் கணக்கில் சேரும். மேசைமேல் ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும் பெட்டி 4 கிலோமீட்டரைக் கூட்டித் தருமாயின், கூரைமேல் 10 மீட்டர் உயரத்தில் நிற்கும் அலைவாங்கி 13 கிலோமீட்டரைக் கூட்டித் தரும். சுவரும் இரும்புக் கம்பியும் விழுங்கிவிடும் அலை மிச்சமாவது தனிக் கணக்கு.

உயரத்திற்கு அடுத்தது வடிவம். மீன்முள் போல ஒரு தண்டின்மேல் குறுக்குக் குழாய்கள் பல அடுக்கப்பட்ட அலைவாங்கியைத் தொலைக்காட்சிக் காலத்தில் நாம் எல்லாரும் கண்டிருக்கிறோம். 1926-ஆம் ஆண்டில் ஜப்பானின் செண்டாய் நகரில் உள்ள தொஹொக்கு பல்கலைக்கழகத்தில் ஷிந்தாரோ உடா, ஹிடெட்சுகு யாகி என்னும் இருவர் கண்டறிந்த வடிவம் அது. ஆய்வின் பெரும்பகுதி உடாவின் உழைப்பு. ஆயினும் 1928-இல் ஆங்கிலத்தில் கட்டுரை எழுதியவர் யாகி என்பதால், உலகம் அதனை யாகி ஆன்டெனா என்றே அழைத்து வருகிறது. உழைத்தவர் பெயர் ஒருபுறம் நிற்க, ஊர் அறிந்த பெயர் வேறாகிவிடுவது விஞ்ஞான உலகிலும் புதிதன்று. இன்னும் வேடிக்கை ஒன்று கூறுவர். 1942-இல் சிங்கப்பூரைக் கைப்பற்றிய ஜப்பானியப் படையினருக்கு ஆங்கிலேயரின் ராடார்க் குறிப்பேடு ஒன்று அகப்பட்டது. அதில் ‘யாகி’ என்ற சொல் மீண்டும் மீண்டும் வந்தது. அதன் பொருள் யாதெனப் பிடிபட்ட சிப்பாயை வினவியபோது, ‘அது உங்கள் நாட்டுப் பேராசிரியரின் பெயரல்லவா?’ என்று அவன் வியந்தானாம். பிறந்த மண்ணில் போற்றப்படாத பொருள் பிறர் கையில் ஆயுதமாயிற்று.

இவ்வடிவத்தின் சிறப்பு, அது ஒரு திசையை நோக்கிக் காது கொடுப்பதே. நோக்கிய திசையிலிருந்து வரும் அலையைத் தனிக்கம்பியைவிட ஐந்து முதல் பத்து மடங்கு வலிமையோடு வாங்கும். பின்னாலிருந்து வருவதை ஒதுக்கும். மலையிலும் உயர்ந்த கட்டடத்திலும் பட்டுச் சற்றே பிந்தி வரும் எதிரொலி அலைகளையும் பெரும்பாலும் தள்ளிவிடும். பண்பலையின் அலைநீளம் ஏறத்தாழ 3 மீட்டர். ஆகவே ஒவ்வொரு குறுக்குக் குழாயும் ஒன்றரை மீட்டர் அளவில் இருந்தாக வேண்டும். நல்ல அலைவாங்கியின் தண்டு மூன்று, நான்கு மீட்டர் நீளும். இயற்கை விதித்த அளவு இது. எந்தப் பொறியியலாலும் இதனைத் தீப்பெட்டிக்குள் அடக்கிவிட முடியாது. பின்னால் நேர்ந்த சரிவுக்கு இந்த நீளமும் ஒரு காரணம் என்பதைக் காண்போம்.

பொற்காலம்

பண்பலையைப் படைத்தவர் அமெரிக்கரான எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங். 1933-இல் அவர் காப்புரிமை பெற்றார். இடியும் மின்னலும் கிளப்பும் இரைச்சல் இல்லாத ஒலிபரப்பு என்பது அன்று நம்ப முடியாத விந்தை. ஆனால் 1945-இல் அமெரிக்க அரசின் தகவல் தொடர்பு ஆணையம் பண்பலையை 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான புதிய வரிசைக்கு மாற்ற முடிவு செய்தது. அதுவரை விற்ற பெட்டிகள் யாவும் நாளடைவில் பயனற்றுப் போயின. பெரு நிறுவனங்களோடு வழக்காடிச் செல்வமெல்லாம் இழந்த ஆர்ம்ஸ்ட்ராங் 1954-இல் மனமுடைந்து உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் மனைவி மரியன் சோர்ந்துவிடவில்லை. கணவரின் வழக்குகளை ஒவ்வொன்றாக நடத்தி, 1967-இல் கடைசி வழக்கு வரை வென்று காட்டினார்.

1961-இல் ஸ்டீரியோ ஒலிபரப்புக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அலைவாங்கித் தொழிலுக்கு வாழ்வு தந்தது இதுவே எனலாம். ஏனெனில், ஒற்றை ஒலியில் கிடைக்கும் அதே அமைதி ஸ்டீரியோவில் கிடைக்க வேண்டுமானால், நூறு மடங்குக்கும் மேல் வலிமையான அலை வேண்டும். நகருக்குள் இருப்பவனுக்கு அது தானே கிட்டும். 80 கிலோமீட்டர் தொலைவில் பண்ணை வீட்டில் இருப்பவன் யாது செய்வான்? கூரையில் ஏணி வைத்து ஏற வேண்டியதுதான்.

அவனுக்காகவே தொழிற்சாலைகள் எழுந்தன. மிசிசிப்பி ஆற்றங்கரையில் அயோவா மாநிலத்தின் பர்லிங்டன் என்னும் சிறு நகரில் 1954-இல் வைன்கார்டு நிறுவனம் தொடங்கியது. அதே ஊரில் ஆன்டெனாகிராஃப்ட் என்ற இன்னொரு நிறுவனமும் வளர்ந்தது. நியூயார்க் மாநிலத்தின் எலன்வில்லில் சேனல் மாஸ்டர் இருந்தது. தொலைக்காட்சி அலைவாங்கியே இவற்றின் முதல் வணிகம். பண்பலைக்கெனத் தனி வகைகளையும் இந்நிறுவனங்கள் செய்தன. வேண்டிய திசைக்கு அலைவாங்கியைத் திருப்ப ரோட்டர் என்னும் சிறு மோட்டாரும் விற்பனைக்கு வந்தது. இசையில் நாட்டமுள்ள இல்லத்தரசர் ஒருவர் கூடத்தில் அமர்ந்து கட்டைவிரலால் ஒரு குமிழைத் திருகினால், கூரைமேல் அலைவாங்கி மெல்லச் சுழன்று வேறொரு நகரத்தை நோக்கும். சிற்றூர் தோறும் ஏணியும் கயிறும் கொண்டு இவற்றைப் பொருத்தித் தரும் தொழிலாளர் இருந்தனர். எந்தக் குன்றுக்குப் பின்னால் எந்த நிலையம் ஒளிந்திருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம்.

சரிவு எவ்வாறு வந்தது?

ஒரே அடியில் வீழ்ந்திருந்தால் காரணம் சொல்வது எளிது. இச்சந்தையோ பல பக்கமிருந்தும் அரிக்கப்பட்டது. கேபிள் தொலைக்காட்சி வந்தபோது கூரைமேல் எதுவும் வேண்டா என்ற எண்ணம் முதலில் பரவியது. பழைய அலைவாங்கி துருப்பிடித்து விழுந்தால் புதிது வைப்பார் இல்லை. வானொலியும் தொலைக்காட்சியும் ஒரே கம்பியைப் பங்கிட்டுக்கொண்டிருந்த வீடுகளில், ஒன்றுக்கு நேர்ந்த கதி மற்றதற்கும் நேர்ந்தது.

இரண்டாவது அடி 2009 ஜூன் 12-ஆம் நாள் விழுந்தது. அன்று அமெரிக்காவின் முழுத்திறன் தொலைக்காட்சி நிலையங்கள் பழைய முறையைக் கைவிட்டு டிஜிட்டல் முறைக்கு மாறின. பலரும் கவனியாத நுட்பம் ஒன்று இதில் அடங்கியுள்ளது. பழைய தொலைக்காட்சியின் 6-ஆம் சேனல் 88 மெகாஹெர்ட்ஸில் முடிய, அதனை ஒட்டியே பண்பலை வரிசை தொடங்குகிறது. ஆகவே அச்சேனல்களுக்காகச் செய்யப்பட்ட பெரிய அலைவாங்கி, கேளாமலேயே பண்பலையையும் வாங்கித் தந்தது. மாற்றத்திற்குப் பின் பெரும்பாலான நிலையங்கள் மிகக் குறுகிய அலைகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. அவற்றுக்குக் கையகல அலைவாங்கி போதும். தொழிற்சாலைகளும் சிறியதையே செய்யத் தலைப்பட்டன. தொலைக்காட்சியின் நிழலில் இலவசமாக வாழ்ந்த வானொலி, நிழல் விலகியதும் வெயிலில் நின்றது.

மூன்றாவது காரணம் விசித்திரமானது. அமெரிக்காவின் புதிய குடியிருப்புகள் பலவற்றில் வீட்டுரிமையாளர் சங்கங்கள் உண்டு. கூரைமேல் எதுவும் தெரியக்கூடாது என்பது அவற்றின் அழகுணர்ச்சி. இக்கட்டுப்பாட்டிலிருந்து மக்களைக் காக்க 1996-இல் தகவல் தொடர்பு ஆணையம் விதி ஒன்றை இயற்றியது. தொலைக்காட்சி அலைவாங்கிக்கும் சிறு செயற்கைக்கோள் தட்டுக்கும் அவ்விதி பாதுகாப்பு அளிக்கிறது. வானொலி அலைவாங்கிக்கு அதில் இடமில்லை! படம் பார்க்கக் கம்பம் நடலாம். செய்தி கேட்க நட்டால் சங்கம் அகற்றச் சொல்லலாம். விதி எழுதியவர்களுக்கு வானொலி மேல் பகை ஒன்றும் இருந்திருக்காது. நினைவில்லாமை பகையைவிடக் கொடிதாகச் சில வேளைகளில் அமைந்துவிடுகிறது.

பின்னர் இணையம் வந்தது. உலகின் எந்த மூலை வானொலியும் கைப்பேசியில் கேட்கக் கிடைத்தபோது, ஐம்பது மைல் தொலைவு நிலையத்திற்காக ஏணி ஏறுவோர் அருகினர். வாங்குவோர் குறைய, செய்வோர் குறைந்தனர். செய்வோர் குறைய, விலை ஏறியது. விலை ஏற, வாங்குவோர் மேலும் குறைந்தனர். மூன்று மீட்டர்ப் பெட்டியில் கட்டி அனுப்ப வேண்டிய பொருளுக்கு அனுப்பும் செலவே பாரமாயிற்று. ஊர்தோறும் கடை வைத்து அலைவாங்கி விற்ற ரேடியோ ஷாக் நிறுவனம் 2015 பிப்ரவரியில் திவால் மனு அளித்தது. அதன் உடைமையாகியிருந்த பர்லிங்டன் நகரத்து ஆன்டெனாகிராஃப்டும் அந்நிறுவனத்தின் சரிவோடு மறைந்தது.

ஐரோப்பாவில் சில நாடுகள் வேரையே வெட்டின. நார்வே 2017 ஜனவரியில் வடக்கே நோர்ட்லான் மாகாணத்தில் தொடங்கி, அவ்வாண்டு டிசம்பருக்குள் நாடு தழுவிய பண்பலை ஒலிபரப்பை நிறுத்தியது. சுவிட்சர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனம் 2024 டிசம்பர் 31-ஆம் நாளோடு பண்பலையை நிறுத்திற்று. புதிய டிஜிட்டல் வானொலிக்கு அலைவாங்கி தேவையில்லை என்று எண்ணிவிடக் கூடாது. குன்றுக்குப் பின்னால் வாழ்பவனுக்கு அதற்கும் தேவைதான். ஆனால் பழைய முறையில் அலை நலிந்தால் இரைச்சலோடாவது கேட்கும். டிஜிட்டலில் ஒரு வரம்பிற்குக் கீழே மெளனம் மட்டுமே.

இவற்றிற்கிடையே கடைகளில் அலைவாங்கி என்ற பெயரில் ஏதும் கிடைக்கவில்லையா என்றால், கிடைக்கிறது. வட்டமாக வளைத்த ஒற்றைக் குழாயும், நூறு மைல் எட்டும் என்று அட்டையில் அச்சிட்ட பிளாஸ்டிக் தகடும் கிடைக்கின்றன. மைல் கணக்கு பூமியின் வளைவு அனுமதித்தால்தானே! மெல்லிய குழாயால் ஆன மலிவுச் சரக்கு இரண்டு பருவக் காற்றில் முறிந்துவிடுகிறது. தரமானதைச் செய்யும் சிறு பட்டறைகள் ஆங்காங்கே உள்ளன. ஆர்வலர்கள் முன்பணம் கட்டிக் காத்திருந்து வாங்குகிறார்கள். கைவிடப்பட்ட வீடுகளின் கூரையிலிருந்து பழைய அலைவாங்கிகளைக் கழற்றித் துருநீக்கி வைத்துக்கொள்வோரும் உண்டு.

யாருக்கு இழப்பு?

நகரத்தில் வாழ்பவருக்கு இதனால் குறையொன்றுமில்லை. இழப்பு எப்பொழுதும் எல்லையில் இருப்பவனுக்கே. சிறுபான்மை மொழி கேட்போரை எடுத்துக்கொள்வோம். 1990-களில் கனடாவின் டொராண்டோவில் குடியேறிய ஈழத் தமிழர்களுக்குத் தமிழ் வானொலி கிடைத்த வழிகளில் ஒன்று, பண்பலை நிலையங்களின் துணை அலை. தனிப்பெட்டி வாங்கி வைத்தால்தான் அது கேட்கும். முதன்மை ஒலிபரப்பைவிட நலிந்தது துணை அலை. ஆகவே பெட்டியை எந்தச் சன்னலருகே வைப்பது, கம்பியை எங்கே தொங்கவிடுவது என்பது பல வீடுகளின் அன்றாடக் கவலையாயிற்று.

சிற்றலையின் கதை இதனினும் சோகமானது. சிற்றலைக்குக் கூரைமேல் நீண்ட கம்பி வேண்டும். அக்கம்பிக்கு வேலை தந்த நிலையங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. பி.பி.சி. 2001-இல் வட அமெரிக்காவுக்கான சிற்றலையை நிறுத்தியது. ஆஸ்திரேலிய வானொலி 2017 ஜனவரி 31-ஆம் நாள் நிறுத்தியபோது, பசிபிக் தீவு மக்களும் ஆஸ்திரேலியாவின் வட பிரதேசத்தில் தொலைவில் வாழ்வோரும் முறையிட்டனர். மணிலாவிலிருந்து தமிழ் உள்ளிட்ட ஆசிய மொழிகளில் ஒலித்து, நம் பங்குகளில் பல குடும்பங்களுக்கு அறிமுகமான ரேடியோ வெரித்தாஸ் ஆசியா 2018 ஜூன் மாத இறுதியோடு சிற்றலையைக் கைவிட்டு இணையத்திற்குச் சென்றது. வத்திக்கான் வானொலியோ மார்க்கோனியே நின்று நிறுவியது. 1931 பிப்ரவரி 12-ஆம் நாள் திருத்தந்தை 11-ஆம் பத்திநாதர் தொடங்கி வைத்தார். அதுவும் 2012-இல் ஐரோப்பாவிற்கும் அமெரிக்காவிற்குமான சிற்றலையைப் பெருமளவு குறைத்தது. ஆயினும் உரோமைக்கு வெளியே சாந்தா மரியா தி கலேரியாவில் 1957-இல் அமைக்கப்பட்ட அலைபரப்பிகள் முற்றிலும் ஓயவில்லை. 2025 ஜூன் மாதத்தில் அங்குச் சென்ற திருத்தந்தை 14-ஆம் லியோ, தாம் மறைபரப்புப் பணியில் இருந்த நாட்களில் சிற்றலை எத்தகைய துணையாய் இருந்தது என்பதை நினைவுகூர்ந்தார். இணையம் எட்டாத இடங்களை அறிந்தவர் அவர்.

2024 செப்டம்பர் இறுதியில் ஹெலீன் புயல் அமெரிக்காவின் வட கரோலினா மலைப்பகுதியைச் சிதைத்தபோது, ஆஷ்வில் நகரைச் சுற்றி மின்சாரம், குடிநீர், கைப்பேசி யாவும் ஒருங்கே அறுந்தன. எங்கே தண்ணீர் கிடைக்கும், எந்தச் சாலை திறந்திருக்கிறது என்பதை மக்கள் அறிந்தது உள்ளூர் வானொலி வாயிலாக. பலர் காருக்குள் அமர்ந்து கேட்டனர். வீட்டில் இருந்த பெட்டியைவிடக் காரின் பெட்டி நன்கு கேட்டதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. காருக்கு வெளியே அலைவாங்கி இருக்கிறது! 2018-இல் கஜா புயலுக்குப் பின் பல நாட்கள் இருளில் கிடந்த நம் காவிரிக் கடைமடை மக்களுக்கு இந்நிலையை விளக்கத் தேவையில்லை.

நம் நாட்டிலும் கைப்பேசிக்குள் பண்பலை இருந்தது. காதில் மாட்டும் கம்பியைச் செருகினால்தான் அது பேசும். அந்தக் கம்பியே அலைவாங்கி. கம்பியில்லாக் கருவிகள் நாகரிகமானதும், செருகும் துளையோடு வானொலியும் பல கைப்பேசிகளிலிருந்து மறைந்தது. 2023-இல் மத்திய அரசு கைப்பேசி உற்பத்தியாளர்களுக்கு அறிவுரை ஒன்று அனுப்பி, பண்பலை வசதியை முடக்க வேண்டா என்று கேட்டுக்கொண்டது. இடர்க்காலத்தில் அதன் பயனை அவ்வறிவுரை எடுத்துக்காட்டியது.

கடையில் கிடைக்காவிடினும், அலைவாங்கியை வீட்டில் செய்துகொள்ளலாம் என்பது இத்துறையின் இனிய செய்தி. விரும்பும் நிலையம் எத்தனையாவது மெகாஹெர்ட்ஸோ, அந்த எண்ணால் 143-ஐ வகுத்தால் வருவது மீட்டரில் மொத்த நீளம். 100 மெகாஹெர்ட்ஸுக்கு 1 மீட்டர் 43 சென்டிமீட்டர். அதைச் சரிபாதியாக்கி, இரு அலுமினியக் குழாய்களையோ செம்புக் கம்பிகளையோ மரச்சட்டத்தில் ஒரே கோட்டில் பொருத்தவேண்டும். நடுவில் விரற்கடை இடைவெளி இருக்கட்டும். கேபிள் தொலைக்காட்சிக்குப் பயன்படும் உருண்டைக் கம்பியின் நடுச்சரட்டை ஒரு குழாயிலும், மேல்வலையை மற்றதிலும் முறுக்கி, மழை புகாதபடி மூட வேண்டும். மறுமுனை பெட்டியின் அலைவாங்கித் துளைக்குச் செல்லும். துளை இல்லாத சிறு பெட்டியாயின், நடுச்சரட்டை இழுப்புக் கம்பியில் கவ்வியால் பிடித்தாலே வேறுபாடு தெரியும். படுக்கையாக வைத்துப் பார்த்தும், செங்குத்தாக நிறுத்திப் பார்த்தும், எது தெளிவோ அதனைக் கொள்க.

பள்ளிப் பிள்ளைகளை உடன் வைத்துக்கொண்டு ஒரு ஞாயிறு பிற்பகலில் செய்து முடிக்கலாம். மின்கம்பிக்கு அருகில் மட்டும் கம்பம் நட வேண்டா. கம்பம் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரம் இருக்கட்டும். மழைக்காலத்தில் இடி முழங்கத் தொடங்கும் முன்பே கம்பியைப் பெட்டியிலிருந்து கழற்றிச் சன்னலுக்கு வெளியே போட்டுவிடுக. அந்நாளில் ஏரியல் வைத்திருந்த வீடுகளில், இடி கேட்டதும் சிறுவர்களுக்கு இடப்பட்ட வேலை இதுவே.